பாடகரும் உரையாசிரியரே

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. நூல் ஒன்று, உரை பத்து. மணக்குடவர் ஒரு சொல்லில் அழுத்தம் கொடுப்பார். பரிமேலழகர் வேறொரு சொல்லில் அழுத்தம் கொடுப்பார். பாட வேறுபாடுகள் சில உண்டெனினும், பெரும்பாலான குறட்பாக்களில் சொல் மாறவில்லை. சொல்லைப் பிரிக்கும் இடம் மாறுகிறது. நிறுத்தும் இடம் மாறுகிறது. அதனால் பொருளும் புதிதாய் ஒளிர்கிறது. உரையாசிரியர் நூலை இயற்றியவர் அல்லர். ஆயினும் அவரின்றி அந்நூல் பலரிடம் வாய் திறப்பதில்லை.

இசையுலகில் இத்தொழிலைச் செய்பவர் பாடகர். பிறர் இயற்றிய பாட்டை, முன்பே பலர் பாடிய பாட்டை, அவரும் எடுத்துப் பாடுகிறார். அவையோர்க்கு அப்பாட்டு புதிதன்று; அடுத்த அடி எதுவென்றும் அவர்கள் அறிவார்கள். அறிந்த பாட்டிலே அறியாத ஒன்றைக் காட்டுவதுதான் பாடகரின் கடமை. சொல்லை மாற்றாமல், பண்ணின் வரம்பை மீறாமல், நிறுத்தத்தாலும் நீட்டத்தாலும் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் அதனை அவர் செய்தாக வேண்டும். இது உரை எழுதுவதினும் அரிது. உரையாசிரியர் எழுதியதை அடித்துத் திருத்தலாம். பாடியதை அவ்வாறு திருத்த இயலாது.

தமிழ் கற்பிப்போர் பாடகரை இவ்வகையில் எண்ணிப் பார்ப்பது குறைவு. உரைநூலைப் பேணி நூலகத்தில் வைப்பர். இசைத்தட்டைப் பொழுதுபோக்கின் பக்கம் ஒதுக்குவர். இப்பிரிவினையால் இழப்பு இசைக்கன்று, தமிழுக்கே ஆகும். டி. கே. பட்டம்மாளின் ஒலிப்பதிவுகளைச் செவி கொடுத்துக் கேட்போர் இதனை எளிதில் உணர்வர்.

பட்டம்மாளைப் பற்றிக் கூறுமுன் வேறொரு நாட்டின் வழக்கத்தை நோக்குதல் பயன் தரும். அமெரிக்காவின் ஜாஸ் இசையில் ‘ஸ்டாண்டர்டு’ என ஒரு பாடல் வகை வழங்குகிறது. நிலைபெற்ற பாடல்கள் என்று அவற்றைத் தமிழில் கூறலாம். இவற்றுட் பல 1920-களுக்கும் 1950-களுக்கும் இடையே நாடக மேடைக்கும் திரைப்படத்திற்கும் எழுதப்பட்டவை. நாடகம் மறைந்தது, படம் மறைந்தது, பாட்டு மட்டும் நின்றது. பின்வந்த பாடகர் ஒவ்வொருவரும் அப்பாடல்களைத் தம் குரலில் மீண்டும் பாடினர். ஒரு பாடகரின் தகுதியை அளக்க அப்பாடல்களே உரைகல் ஆயின.

அவ்வகைப் பாடகருள் தலைசிறந்தவர் எனப் போற்றப்படுபவர் எல்லா ஃபிட்ஜெரால்டு என்னும் கறுப்பின அம்மையார். 1917-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். 1956 முதல் 1964 வரை அவர் எட்டுப் பாடல் தொகுதிகளைப் பதிவு செய்தார். கோல் போர்ட்டர், டியூக் எலிங்டன், கெர்ஷ்வின் சகோதரர், ஜானி மெர்சர் என ஒவ்வொரு தொகுதியும் ஒரு படைப்பாளருக்கோ, இணைந்து படைத்த இருவருக்கோ உரியது. சிதறிக் கிடந்த பாடல்களைப் படைத்தோர் பெயரால் ஒன்று சேர்த்து, ஒரே குரலில் நிலைநிறுத்திய பணி அது. எட்டுத்தொகை கண்ட தமிழருக்கு இம்முயற்சியின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்தொகுதிகளில் அவர் பாடலாசிரியரின் சொல்லை முன்னே நிறுத்தித் தாம் பின்னே நின்றார். எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாய் விழும். சொல்லை விழுங்கி இராகத்தைக் காட்டும் குற்றத்தை அங்குக் காண்பது அரிது.

எல்லா பிறந்த ஈராண்டுகளுக்குப் பின், 1919-இல், காஞ்சிபுரத்தில் தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதரின் மகளாகப் பிறந்தவர் பட்டம்மாள். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திலர். இருவர் இசையும் வேறு. ஆயினும் ஒன்றில் ஒத்தனர். இருவரும் குருகுலத்தில் அமர்ந்து முறைப்படி பாடத் தொடங்கியவர் அல்லர். கேட்டுக் கேட்டுப் பாடக் கற்றவர்கள். எல்லாவின் அன்னை வீட்டிற்குக் கொணர்ந்த இசைத்தட்டுகளே அவருக்கு முதல் ஆசான். பட்டம்மாளோ கச்சேரிகளுக்குச் சென்று அமர்ந்து, வீடு திரும்பியதும் கேட்ட கீர்த்தனையையும் இராகத்தின் பிடிகளையும் தம்பியர் துணையுடன் எழுதி வைத்துக் கொண்டார். பின்னர் அம்பி தீட்சிதரிடமும் டி. எல். வெங்கடராம ஐயரிடமும் முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளைக் கற்றார். பாபநாசம் சிவனின் பாடல்களை அவரிடமே நேரிற் பயின்றார். கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததன் பொருத்தம் இத்தகையோர் வாழ்வில் விளங்குகிறது.

பட்டம்மாளின் அன்னையாரும் இனிமையாகப் பாட வல்லவர். ஆனால் குலப் பெண்டிர் பிறர் கேட்கப் பாடலாகாது என்பது அந்நாளைய குடும்பக் கட்டுப்பாடு. உற்றார் உறவினர் முன்னிலையிலும் அவர் பாடியதில்லை. அவர் குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. அவர் மகளோ சிறு வயதிலேயே சென்னை மாநகராட்சி வானொலியில் பாடினார். 1932-இல் மேடை ஏறினார். இராகம் தானம் பல்லவி ஆடவர்க்கே உரியது என்றிருந்த காலத்தில் அதனைக் கச்சேரி மேடையில் விரித்துப் பாடிப் பெண்டிர்க்கு வழி திறந்தார். 1970-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். 2009-இல் தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார். ஒரு தலைமுறையின் அடக்கப்பட்ட குரலும் அடுத்த தலைமுறையின் எழுந்த குரலும் ஒரே வீட்டில் இருந்தன என்பதை நினைவிற் கொண்டு கேட்டால், அப்பதிவுகளின் மதிப்பு மேலும் உயரும்.

பட்டம்மாளின் குரல் தாழ்ந்த சுருதியில் அமைந்தது; ஆழமும் அகலமும் உடையது. மின்னல் வேகப் பிருகாக்களை அவர் நாடவில்லை. ஒரே சீரான காலப்பிரமாணத்தில், அவசரமின்றி, அடிமேல் அடி வைத்துச் செல்லும் நடை அவருடையது. இந்த அமைதியால் சொல் நிமிர்ந்து நிற்கிறது. லகர ளகர ழகரங்கள் தத்தம் இடத்தில் ஒலிக்கின்றன. வல்லின றகரம் இடையின ரகரமாகக் கரைந்து போவதில்லை. தமிழ் மாணவருக்கு எழுத்துகளின் பிறப்பிலக்கணத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், நூற்பாவை ஓதியபின் இப்பதிவுகளுள் ஒன்றை ஒலிக்கச் செய்தால், நா எங்குப் பொருந்துகிறது என்பதை மாணவர் செவியாலேயே காண்பர்.

நன்னூலார் கூறும் பொதுமொழியை இங்கு நினைத்துப் பார்க்கலாம். ‘பலகை’ என்பது ஒரு மொழியாகவும் நிற்கும். ‘பல கை’ எனப் பிரிந்தும் நிற்கும். ‘தாமரை’ மலராகவும் நிற்கும். ‘தா மரை’ எனப் பிரிந்து தாவும் மானாகவும் நிற்கும். ‘வேங்கை’ மரமுமாகும், விலங்குமாகும். ‘வேம் கை’ எனப் பிரிந்து வேகின்ற கையுமாகும். ஏட்டில் இவற்றைப் பிரித்தறிய இடவிளக்கம் வேண்டும். வாய்ப்பாட்டில் நிறுத்தம் ஒன்றே போதும். தாளத்தின் அடி விழும் இடத்திற்காகச் சொல்லை நடுவே முறித்து மூச்சு வாங்கும் பாடகர், பலகையைப் பல கையாக்கி விடுவார். தாளமும் தவறாமல், சொல்லும் முறியாமல் பாட, சீரையும் பொருளையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். பட்டம்மாள் மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக் கொண்டு கேட்டால், அவை பெரிதும் தொடர் முடியும் இடங்களாகவே அமைந்திருப்பதைக் காணலாம். நல்ல உரையாசிரியர் பதம் பிரிப்பதும் இவ்வாறுதான்.

அவர் பதிவுகளுள் தமிழ் வகுப்பிற்கு மிக நெருக்கமானவை பாரதியார் பாடல்கள். பாரதியார் தம் பாடல்கள் பலவற்றிற்கு இராகமும் தாளமும் குறித்தவர். கண்ணன் பாட்டில் சுவையையும் குறித்தவர். ஆனால் அவர் குரல் எந்தத் தட்டிலும் பதிவாகவில்லை. 1921-இல் அவர் மறைந்தபின், பாடல்கள் நூலில் இருந்தன. பண் பல வாய்களில் மாறியது. இன்று பரவலாகக் கேட்கப்படும் மெட்டுகளுட் பல பின்வந்தோர் அமைத்தவை. ஆகவே பாரதியார் பாடலைப் பாடுவோர் ஒவ்வொருவரும் ஓர் உரை செய்தவரே ஆவர்.

ஏவி. மெய்யப்பச் செட்டியார் எடுத்த ‘நாம் இருவர்’ திரைப்படம் 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. பாரதியார் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை அப்போது மெய்யப்பரிடம் இருந்தது. பின்னர் அவ்வுரிமையை அவர் விட்டுக்கொடுத்தார். 1949-இல் பாரதியார் படைப்புகள் அரசுடைமை ஆயின. அப்படத்தில் விடுதலையைக் கொண்டாடும் பள்ளுப் பாட்டைப் பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். அப்பாட்டின் இலக்கணம் வியப்புக்குரியது. வரப்போகும் விடுதலையை வந்துவிட்டதாகவே பாரதியார் பாடியிருக்கிறார். எதிர்காலத்தை இறந்தகாலத்தால் கூறுவது வழு. ஆயினும் விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் வருமாயின் அது வழுவமைதி என்று நன்னூல் ஏற்கும். பாரதியாரின் இறந்தகாலம் தெளிவினால் வந்தது. நாடு விடுதலை பெறும் என்பதில் அவருக்கு ஐயமில்லை.

அப்பாட்டு திரையில் ஒலித்தபோது நாடு இன்னும் விடுதலை பெறவில்லை; அதன் இறந்தகாலம் அப்போதும் வழுவமைதியாகவே நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் விடுதலை வந்தது. அத்திருநாளில் பட்டம்மாள் அகில இந்திய வானொலியில் பாடினார். சொல்லில் ஓர் எழுத்தும் மாறாமலே, வழுவமைதியாய் நின்ற பாட்டு அன்று நேர்ப்பொருளில் இயல்பாகி விட்டது. இலக்கண நூலின் ஒரு விதி, ஒரு நாட்டின் வரலாற்றோடு இவ்வளவு நெருங்கி நின்ற இடம் வேறொன்றைக் காட்டுவது அரிது. அந்த இசைத்தட்டைக் கேட்ட பின் காலவழுவமைதியைக் கற்கும் மாணவன் அதனைத் தேர்வுக்காக உருப்போட வேண்டியதில்லை.

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று மணித்துளியே ஓடும். கச்சேரியில் அரைமணி நேரம் விரியும் கீர்த்தனையை அச்சிறு வட்டத்துள் அடக்க வேண்டும். இராகத்தின் முகத்தை ஓரிரு கீற்றில் வரைய வேண்டும். பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் முடிக்க வேண்டும். ஊசி நடுவை எட்டுமுன் பாட்டு நிறைவுற வேண்டும். எதை விடுவது என்று அறிந்தவரே அங்கு வெல்வர். ஏழு சீரில் ஒரு கருத்தை முடிக்கும் குறள் வெண்பாவின் கட்டுப்பாடு இதற்கு ஒப்பானது. இடம் குறுகியதால் பாட்டு வறுமை அடையவில்லை, செறிவு பெற்றது. மாறாக, வானொலியிலும் சபைகளிலும் பதிவான நீண்ட கச்சேரிகளில் பட்டம்மாளின் மற்றொரு முகம் தெரிகிறது. அங்கே ஒரே அடியை எடுத்து நிரவல் செய்கிறார். சொல் அதே, தாளத்தில் அது அமரும் இடமும் அதே, சுரங்களின் கோலம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறாகிறது. தட்டில் பொழிப்புரை என்றால், மேடையில் விரிவுரை.

எல்லாவின் வழி இவ்விடத்தில் பிரிகிறது. 1960-இல் பெர்லின் நகர மேடையில் ஒரு பாட்டைப் பாடிக் கொண்டிருந்தபோது அவருக்குச் சொற்கள் மறந்து போயின. அவர் நிறுத்தவில்லை. அந்த நொடியிலேயே புதுச் சொற்களைப் புனைந்து, மறந்ததையும் பாட்டிலேயே ஒப்புக்கொண்டு, தாளம் தவறாமல் முடித்தார். அப்பதிவு கிராமி விருது பெற்றது. பொருளற்ற அசைகளால் பண்ணை விரிப்பதும் அவர் கைவந்த கலை. தமிழ் மேடையில் கற்பனைச் சுரம் பாடுவோர் சுர எழுத்துகளால் இதனைச் செய்வர். ஆனால் சாகித்தியத்தை மாற்றத் துணியார். ஒரு மரபு சொல்லை இளக்கித் தாளத்தைக் காத்தது; மற்றொரு மரபு இரண்டையும் காத்தது. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: பாட்டை முழுதும் தன்னுடையதாக்கிக் கொண்டவரே அதனுள் உரிமையுடன் உலவ முடியும்.

இங்கு ஒரு தடை எழலாம். ஒலிப்பதிவு நிலைத்து விடுவது. ஒரு பாடகரின் பதிவு புகழ் பெற்றுவிட்டால், அந்த ஒரு பாணியே பாட்டின் ஒரே வடிவம் என்று மக்கள் நம்பி விடுவர். பிற உரைகள் மறையும் என்று கூறலாம். இத்தடையில் உண்மை உண்டு. பரிமேலழகர் உரையின் பெருமையால் பிற உரைகள் நெடுங்காலம் பின்னடைந்ததைத் தமிழர் அறிவர். ஆனால் அதற்கு மருந்து பரிமேலழகரை விலக்குவதன்று. மணக்குடவரையும் உடன் கற்பது. அவ்வாறே பட்டம்மாளுடன் எம். எஸ். சுப்புலட்சுமியையும் எம். எல். வசந்தகுமாரியையும் உடன் கேட்க வேண்டும். பாரதியாரின் ‘சின்னஞ்சிறு கிளியே’ 1951-இல் வந்த ‘மணமகள்’ படத்தில் வசந்தகுமாரியின் குரலில் குழைந்து நெகிழ்வதையும், பட்டம்மாளின் பள்ளு நிமிர்ந்து நடப்பதையும் அடுத்தடுத்துக் கேட்போர், பாரதியார் ஒருவரல்லர், பலர் என்று உணர்வர்.

பட்டம்மாள் தமிழ்ப் பாட்டை மட்டும் பாடியவர் அல்லர் என்பதும் உண்மை. தீட்சிதரின் வடமொழிக் கீர்த்தனைகளும் தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனைகளும் அவர் கச்சேரிகளில் பெருமையுடன் ஒலித்தன. 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியபோதும், 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும், தமிழில் பாடத் தக்க பாடல்கள் போதா என்று கூறினோர் உண்டு. அக்கூற்றுக்கு மேடையிலேயே விடை கிடைத்தது. கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக ஒதுக்கப்பட்ட தமிழ்ப் பாட்டுக்கும் வடமொழிக் கீர்த்தனைக்குக் கொடுத்த அதே கவனத்தைப் பட்டம்மாள் கொடுத்தார். வாதத்தைவிட அந்தக் கவனம் தமிழிசைக்கு வலிமை சேர்த்தது.

இனி, கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வருவோம். கடல் கடந்து வந்த தமிழர் இந்நாட்டில் பாட்டைக் கைவிடவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் ஒலிபெருக்கி வழியே இசைத்தட்டு முழங்கியது. வானொலியின் தமிழ்ப் பகுதி கருநாடக இசையையும் தமிழிசையையும் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அப்பகுதியே இன்று மின்னல் பண்பலையாக விளங்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் 1981-இல் தோன்றிய நுண்கலைக் கோயில் இளையோருக்குப் பாட்டும் பரதமும் பயிற்றி வருகிறது. துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் நகரின் தெங்கு கிளானா சாலையிலும், கடைவாசலில் தமிழ்ப் பாட்டு ஒலிக்காத மாலை இல்லை.

இருந்தும் ஒரு குறை வளர்ந்து வருகிறது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, குடிபெயர்ந்தோர் பழைய தட்டுகளைச் சுமந்து செல்லவில்லை. அரக்கினால் ஆன அத்தட்டுகள் கைதவறி விழுந்தால் உடைபவை. உடைந்தவை போக எஞ்சியவற்றின் ஒலி இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. கிடைக்கிறதே தவிர, கேட்பார் இலர். முன்பு ஊசி மாற்றி, விசை முடுக்கி, காத்திருந்து கேட்டனர். இன்று விரல் நுனியில் இருப்பதால் முதல் அடி முடியுமுன் தள்ளி விடுகின்றனர். பள்ளியில் செய்யுளும் மொழியணியும் கற்பிக்கப்படுகின்றன. செய்யுள் எழுதப்படுகிறது, மனனம் செய்யப்படுகிறது, பொருள் கேட்கப்படுகிறது. ஆனால் அது ஒலிப்பதில்லை. ஒலியின்றிக் கற்ற செய்யுள் தேர்வு மண்டபத்தின் வாசலிலேயே மாணவரிடம் விடைபெற்றுக் கொள்கிறது.

கிள்ளான் வட்டாரப் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியர் எளிய பயிற்சி ஒன்றைச் செய்து பார்த்தார். பாரதியார் பாடல் ஒன்றை மாணவர் கையில் கொடுத்தார். பட்டம்மாளின் பதிவை ஒலிக்கச் செய்து, பாடுபவர் மூச்சு வாங்கும் இடங்களில் பென்சிலால் சிறு கோடு இடச் சொன்னார். முதன்முறை கேட்டபோது கோடுகள் தாறுமாறாய் விழுந்தன. மூன்றாம் முறை பெரும்பாலோர் தாளிலும் ஒரே இடங்களில் கோடு நின்றது. அப்போது ஒரு மாணவி எழுந்து, “ஐயா, பாட்டி மூச்சு விடுற இடத்துலதான் அர்த்தமும் முடியுது” என்றாள். அதன்பின் ஆசிரியர் பதம் பிரித்துக் காட்டவில்லை. மாணவரே அக்கோடுகளைப் பார்த்துப் பதம் பிரித்தனர். மூன்று மணித்துளித் தட்டை மூன்று முறை கேட்க ஆன காலம் பத்து மணித்துளிக்கும் குறைவு. எஞ்சிய நேரத்தில் அவர்கள் அதே பாடலை வாய்விட்டுப் படித்தனர். அதுவரை ஓட்டமாய் ஓடிய குரல்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றன.

இப்பயிற்சிக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. இசைப் புலமையும் வேண்டியதில்லை. கேட்கும் பொறுமை ஒன்றே வேண்டும். பள்ளி நூலகத்தில் உரைநூல்கள் இருக்கும் அலமாரியின் ஒரு தட்டில், பாடநூற் செய்யுள்களின் நல்ல ஒலிப்பதிவுகளுக்கும் இடம் ஒதுக்கலாம். ஒரு செய்யுளுக்கு இரு குரல்கள் கிடைக்குமாயின் இரண்டையும் வைக்கலாம். மாணவர் ஒப்பிட்டு, எக்குரல் எச்சொல்லை உயர்த்தியது என்று எழுதலாம். முதியோர் வீடுகளில் எஞ்சியுள்ள இசைத்தட்டுகளைக் கேட்டு வாங்கி, உடையுமுன் அவற்றின் ஒலியைப் படியெடுத்துக் காக்கலாம். பிறர் கேட்கப் பாடாமலே மறைந்த குரல்கள் தமிழர் இல்லங்களில் எத்தனையோ இருந்தன; அவற்றை இனி மீட்க இயலாது. பாடி வைத்துச் சென்றோரின் குரல்களையேனும் அடுத்த வகுப்பு மாணவர் கேட்கச் செய்வது ஆசிரியர் கையில் இருக்கிறது.